மீசை வைத்த மீனைக் கையால் அள்ளாதீர்கள்

மார்ச் மாதத்து ஞாயிறு இரவு. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் எனக்கு இரவுப் பணி. ஒன்பதரை மணிக்கு ஓர் அம்மா வலது கையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பியிருந்தது. கழுவிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில் மிளகளவு ஓட்டை, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. "தோள் வரைக்கும் கடுக்குது டாக்டர், தேள் கொட்டினா மாதிரி" என்றார். பின்னால் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், கையில் தூக்குவாளி. உள்ளே குற்றவாளி.

"விலாங்குக் குட்டி சார், அதுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்றார் அப்பா. "இல்லப்பா, கெளுத்தி" என்றான் பையன். வரும் வழியில் ஏதோ படத்தேடல் செயலியில் போட்டுப் பார்த்தார்களாம், அது ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று சொல்லியிருக்கிறது. சிஸ்டர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "தேளி சார் இது. எங்க ஊரு வாய்க்கால்ல கெடக்கும்."

சிஸ்டர் சொன்னதுதான் சரி. பார்க்கப்போனால் அந்த அம்மா வாயைத் திறந்ததுமே மீனின் பெயரைச் சொல்லிவிட்டார். தேள் போலக் கொட்டுவதால்தான் அது தேளி.

மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அதன்பின் இங்கே வாய்க்கால்கள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கும். பையன்கள் கொசுவலையோடு இறங்குகிற காலம் அது. இவனும் விரல் நீளத்தில் பழுப்பாக ஒன்றைப் பிடித்துவந்து, கப்பி மீன்கள் இருந்த தொட்டியில் விட்டிருக்கிறான். பகலெல்லாம் ஃபில்டருக்குப் பின்னால் பதுங்கிக்கிடக்கும், அவ்வப்போது சர்ரென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மூன்று வாரத்தில் கப்பிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தண்ணீர் சரியில்லை என்று நினைத்த அம்மா தொட்டியைக் கழுவ இறங்கினார். வலையில் அள்ளியதும் மீனின் முள் வலைக்கண்ணில் சிக்கியது. விரலால் விடுவிக்கப் போனார். தொட்டி மீன் குத்தி வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கிற கதை இதுதான்.

வெறும் கண்ணாலேயே அடையாளம் காண முடிகிற மீன் இது. வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசை. தலை தட்டையாக இருக்கும், உடல் நீண்டு பின்பக்கம் பட்டையாகிப் போகும். முதுகுத் துடுப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேளிக்கு அது தலைக்குச் சற்றுப் பின்னால் சின்ன விசிறி மாதிரி நின்றுவிடும், துடுப்பைத் தாங்கும் கதிர்கள் ஆறேழுதான். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கோ முதுகு நெடுக வால்வரை ஓடும். நாட்டுக் கெளுத்தி என்றால் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் சதைத் திட்டாக இன்னொரு துடுப்பும், கவைபோலப் பிரிந்த வாலும் இருக்கும். விலாங்குக்கு மீசையே கிடையாது.

தேளியின் ஆயுதம் முதுகில் இல்லை. செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் மார்புத் துடுப்பின் முன்முள்தான் அது. ரம்பம் போன்ற பல், அதைப் போர்த்திய தோலில் நஞ்சுச் செல்கள். பயந்தால் இரண்டு முள்ளையும் விரித்துப் பூட்டிக்கொள்ளும். தலைக்குப் பின்னால் நாம் இறுக்கிப் பிடிக்கும் இடமும் அதுவே.

இந்த மீனுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே எங்கள் பக்கத்து ஊரால்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிப் போன மீனை வைத்து 1794இல் பெர்லினில் ப்ளோக் என்ற மருத்துவர் இதற்கு 'ஃபாசிலிஸ்' என்று பெயரிட்டார். தோண்டி எடுத்தது என்று பொருள். செவுள் அறையிலிருந்து வால்பக்கம் வரை நீளும் இரண்டு காற்றுப்பைகள் இருப்பதால், சேற்றுக்குள் கிடந்தும் தாக்குப்பிடிக்கிற மீன். மேலே வந்து காற்று குடிக்கும் அந்தப் பழக்கத்தை உங்கள் தொட்டியில் பார்த்தால் கையை வெளியே எடுத்துவிடுங்கள்.

பெயர் தெரியாத மீன் என்றால் பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். மீசை இருந்தால் முள் இருக்கும் என்று வைத்துக்கொண்டு நடப்பதே போதும். மீனை வெளியே எடுக்காமல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளும் பக்கத்தில் ஸ்கேலும் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுங்கள். எல்லாத் துடுப்பும் தெரிய வேண்டும். அந்தப் படத்தை முதலில் உங்கள் மீன்காரம்மாவிடம் காட்டச் சொல்வேன். ஆயிரம் தேளியை அரிந்த கை எந்தச் செயலியையும் விட நம்பகமானது. மீன்வளத் துறை அலுவலகமும் இருக்கிறது. மீனை இடம் மாற்ற வேண்டியிருந்தால் வலை வேண்டாம், பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு முகந்துவிடுங்கள்.

குத்திவிட்டால் வெந்நீர். குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. குத்துப்படாத கையை முதலில் விட்டுப் பாருங்கள், வலியில் துடிக்கும் கைக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம், ஆற ஆற மாற்றி ஊற்றி அமிழ்த்தி வையுங்கள். மீன் நஞ்சு புரதம், சூட்டில் குலையும் என்பார்கள். சூடு வலி நரம்பையே மட்டுப்படுத்துகிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. எது எப்படியோ, அந்த அம்மா இருபது நிமிடத்தில் தோளை ஆட்டிப் பார்த்தார், அரைமணியில் மகனைத் திட்ட ஆரம்பித்தார். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு அப்பினால் காயம் எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வலி போனதும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல். அவருக்கு எக்ஸ்ரே எடுத்தபோது அரிசி முனையளவு முள் உள்ளே ஒடிந்து கிடந்தது. எடுத்தோம், டெட்டனஸ் ஊசி போட்டோம், காயத்தைத் தைக்காமல் விட்டோம். மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தாலோ, முள் மூட்டுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தாலோ காத்திருக்கவே கூடாது. சர்க்கரை நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்குக் கடல், உப்பங்கழி மீன் குத்திய காயம் ஒரே நாளில் கையையோ உயிரையோ கேட்கும் அளவுக்குப் போகலாம். தொட்டித் தண்ணீரில் வாழும் ஒருவகைக் கிருமி வேறு, காயம் ஆறிப் பல வாரம் கழித்து விரலில் கட்டி கட்டியாகக் கிளம்பும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரன், சாதாரண மாத்திரைக்கு அடங்காது. 'வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது' என்று நீங்களாகச் சொன்னால்தான் மருத்துவருக்கு அது நினைவுக்கு வரும்.

கடலோரத்தில் இன்னும் கவனம் வேண்டும். கறுப்பு உடலில் நீளவாக்கில் வெள்ளைக்கோடு ஓடும் இருங்கெளுத்திக் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு நீந்தும். பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அதற்கு முதுகிலும் நஞ்சு முள் உண்டு, தேளியைவிட மோசம். கல்போலவே கிடக்கும் நஞ்சுமுள் மீனும் கடலில் உண்டு, அதனால் கல்லா மீனா என்று சந்தேகம் வருகிற எதையும் கல்லென்று முடிவு செய்யாதீர்கள்.

"இது விஷ மீன்னா சாப்பிடவும் கூடாதா?" என்று அப்பா கேட்டார். குத்தினால் நஞ்சு வேறு, தின்றால் நஞ்சு வேறு. பேத்தை மீன் குத்தாது, தின்றால் ஆளைக் கொல்லக்கூடும். தேளி குத்தும், குழம்பில் ஒன்றும் செய்யாது. வங்காளத்தில் நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கே சமைத்துக் கொடுக்கிறார்கள். தூக்குவாளி சிஸ்டரோடு போனது.

பத்து நாள் கழித்துக் காயம் காட்ட வந்தபோது பையன் ஃபோனை நீட்டினான். வெள்ளைத்தாள், ஸ்கேல், பக்கவாட்டுப் படம். "இதுக்கு மீசை இல்ல டாக்டர், கையால எடுக்கலாமா?" பெரிதாக்கிப் பார்த்தேன். பனையேறிக் கெண்டை. நஞ்சு கிடையாது. ஆனால் செவுள் மூடியின் விளிம்பைக் காட்டி, "இது என்னன்னு நீயே பார்" என்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவன், "அம்மா, நம்ம வீட்டுல பழைய ஐஸ்கிரீம் டப்பா இருக்கா?" என்றான்.