கெட்ட செய்தி உங்களிடம் எப்போது வந்து சேர்கிறது?

மேலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். "என் டீமில் ஒரு பிரச்சினையும் கிடையாது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். இவர் காதுக்கு எதுவும் வருவதில்லையோ?

1990-களில் ஹார்வர்டு ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: நல்ல குழுக்கள் தவறை வெளியே சொல்லின, மற்றவற்றில் வாய் திறக்கவே பயம்.

அந்தத் தயக்கம் உயிரையும் வாங்கும். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையம். ஓடுபாதையில் மூடுபனி. நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானக் கேப்டன் அனுமதி வருவதற்குள் விமானத்தைக் கிளப்பிவிட்டார். எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொல்ல, கேள்வி அத்தோடு நின்றது. இரண்டு விமானங்களும் மோதின. இறந்தவர்கள் 583 பேர். அந்தக் கேப்டன் கத்துக்குட்டி அல்ல. மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். அவ்வளவு பெரியவரிடம் இரண்டாவது முறை யார் கேட்பார்கள்?

"பிரச்சினையோடு வராதே, தீர்வோடு வா" என்று பல மேலாளர்கள் கெத்தாகச் சொல்வதுண்டு. எனக்கு அறவே பிடிக்காத வாசகம் இது. தீர்வு தெரியாதவர் பிரச்சினையைத் தன்னோடு வைத்துக்கொள்வார். அது முற்றிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

கெட்ட செய்தியோடு ஒருவர் வந்து நின்றால் நம் வாயில் முதலில் வருவது, "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" கேள்வி நியாயமானதுதான், ஆனால் அடுத்த முறை அவர் வரமாட்டார். "சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப என்ன வேணும்?" என்று ஆரம்பியுங்கள். விசாரணையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். இராணுவ நீதிமன்றங்களில் பதவியில் இளையவரே முதலில் கருத்துச் சொல்லும் மரபு உண்டு. மேலதிகாரி பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள் என்பதால்தான். "எல்லாருக்கும் ஓகேதானே?" என்று கேட்காமல், "இது எங்கே சொதப்பும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அப்படி இருப்பதுதான் கஷ்டம். முதல் சில கூட்டங்களில் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒருவர் தயங்கித் தயங்கி ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்வார். அதற்கு அன்றைக்கே ஏதாவது செய்துவிடுங்கள். மற்றவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.