கண்டெடுத்த வெண்கலத்தைத் தேய்க்காதீர்கள்

இங்கிலாந்தில் உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்கள் கொண்டுவரும் பொருட்களைப் பார்த்து, இது என்ன, எந்தக் காலத்தது என்று சொல்வது என் வேலை. வெண்கலக் காலக் கோடரிகள் அடிக்கடி மேசைக்கு வரும். பச்சைக் களிம்பும் மண்ணுமாக வந்தால் எனக்குச் சந்தோஷம். பளபளவென்று வந்தால் மனசு கனத்துப் போகும். கம்பி பிரஷ், வினிகர், எலுமிச்சை, சில சமயம் பேட்டரி சார்ஜரை வைத்து வீட்டிலேயே மின்பகுப்பு. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தக் கோடரி சொல்லியிருக்க வேண்டியதில் பாதி கழுவிய தண்ணீரோடு போயிருக்கும்.

வடிவத்தை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாமே என்று கேட்பார்கள். ஓரளவு சொல்லலாம். பிரிட்டனில் முதலில் வந்தவை தட்டையான கோடரிகள். வெட்டும்போது அவை கைப்பிடியிலிருந்து நழுவின. அதனால் ஓரங்களை உயர்த்தினார்கள். அப்புறம் நடுவில் ஒரு தடுப்பு வைத்து வார்த்தார்கள். 'பால்ஸ்டேவ்' எனப்படும் இந்த வகை கி.மு. 1500-ஐ ஒட்டி வருகிறது. கி.மு. 1000 முதல் 800 வரை எங்கு பார்த்தாலும், கைப்பிடி செருகக் குழியும் கயிறு கட்டப் பக்கத்தில் ஒரு வளையமும் உள்ள கோடரிகள்தான்.

இந்தக் குழியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மண் அடைத்திருந்தால் அதை எடுக்கவே விடமாட்டேன். செம்பின் உப்புகள் கிருமிகளை அண்டவிடாது என்பதால், மூவாயிரம் ஆண்டு கழித்தும் கைப்பிடி மரத்தின் துணுக்கு சில சமயம் உள்ளே ஒட்டியிருக்கும். என்ன மரம் என்று தெரியும், கார்பன் முறையில் காலமும் கிடைக்கும். மரத்துக்குப் பதில் சுட்ட களிமண் இருந்தால் அது வேறு கதை. வார்க்கும்போது குழிக்காக வைத்த களிமண் கருவை யாரும் எடுக்கவே இல்லை, அதாவது இந்தக் கோடரி கைப்பிடியையே பார்த்ததில்லை. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பல்லாயிரக்கணக்கில் கிடைத்த சிறு கோடரிகளில் இப்படிப் பார்க்கலாம். ஈயம் மிகுந்து, மரம் வெட்டத் தோதில்லாமல், கூர்தீட்டாத வாயோடு இருக்கும் அவற்றைக் கருவி என்று பதிந்துவிட்டால் தவறான பெட்டியில் போட்டதாகிவிடும். குச்சியை விட்டுக் குடைந்து சுத்தம் செய்த கோடரியில் மரமா களிமண்ணா என்ற கேள்வியையே கேட்க முடியாது.

கோடரியின் வெட்டும் வாயிலும் அப்படித்தான். சுத்தியலால் தட்டி இறுக்கிய தடம், திரும்பத் திரும்பத் தீட்டியதில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த வளைவு, வெட்டியபோது விழுந்த நுண்கீறல்கள் எல்லாம் களிம்பில் பதிந்திருக்கும். கம்பி பிரஷ் பட்டால் அதன் கீறலைத்தான் பார்ப்போம்.

இதைவிடப் பெரிய இழப்பு, எதோடு எது கிடந்தது என்பது தெரியாமல் போவது. கோபன்ஹேகனின் கிறிஸ்டியன் தாம்சன் வகுத்த கல், வெண்கலம், இரும்பு என்ற காலப் பிரிவு 1836-ல் அச்சேறியது. 1885-ல் சுவீடனின் ஆஸ்கார் மான்டேலியஸ் வட ஐரோப்பிய வெண்கலக் காலத்தை ஆறு கட்டங்களாக்கினார். ஒரே குழியில் எந்த வடிவங்கள் சேர்ந்து புதைந்தன என்பதுதான் அவருக்குப் பிடிமானம். தெற்கு வேல்ஸில் லின் ஃபவ்ர் ஏரியை நீர்த்தேக்கமாக்கியபோது வெண்கலக் கோடரிகளோடும் கொப்பரைகளோடும் ஓர் இரும்பு அரிவாளும் கிடைத்தது. அதன் வடிவம் அப்படியே வெண்கல அரிவாளுடையது. புது உலோகத்தில் பழைய வடிவத்தை அடித்துப் பார்த்த ஒரு கொல்லரை அங்கே சந்திக்கிறோம். தனியாகக் கிடைத்திருந்தால் துருப்பிடித்த இரும்பு என்று ஒதுக்கியிருப்பார்கள்.

இதற்கு எதிரான உதாரணம் நெப்ரா வான்வட்டு, அதாவது சூரியன், நிலா, விண்மீன்களைத் தங்கத்தில் பதித்த வெண்கல வட்டு. 1999-ல் ஜெர்மனியில் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தார்கள், தோண்டும்போதே சேதப்படுத்தினார்கள். 2002-ல் சுவிட்சர்லாந்தின் பாசலில் போலீஸ் மீட்டது. சுமார் கி.மு. 1600-ல் புதைத்தது என்று சொல்வதற்கு ஆதாரம் கூடவே கிடைத்ததாகச் சொல்லப்படும் வாள்களும் கோடரிகளும். 2020-ல் இரண்டு ஆய்வாளர்கள், அவை ஒரே இடத்தவைதானா என்று கேட்டார்கள். மறுப்பும் வந்தது. ஆய்வாளர்கள் முறையாகத் தோண்டியிருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. 2018-ல் கிழக்கு லண்டனின் ஹேவரிங்கில் முறையாக எடுத்த 453 வெண்கலப் பொருட்கள் நான்கு தனிக் குவியல்களாகப் புதைக்கப்பட்டவை என்று இன்று உறுதியாகச் சொல்கிறோம். தொகுதி கலையாததால் கிடைத்த அறிவு அது. இணையத்தில் ஊர் பெயர் கூட இல்லாமல் விற்கும் 'செல்டிக் கோடரி'யை வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சுவதும் இதனால்தான்.

சரி, கையில் ஒன்று கிடைத்துவிட்டால்? கழுவாமல், எண்ணெய் தடவாமல், மண்ணோடு அப்படியே வையுங்கள். எடுத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். களிம்பிலிருந்து வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அரிப்பு இன்னும் நடக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு உடனே அருங்காட்சியகப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டாவது துண்டும் வந்தால் தோண்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 முதல், வரலாற்றுக்கு முந்தைய உலோகப் பொருட்கள் இரண்டோ அதற்கு மேலோ ஒன்றாகக் கிடைத்தால், தங்கம் வெள்ளி இல்லாவிட்டாலும் சட்டப்படி அது புதையல். 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் வட்டாரத் தொல்பொருள் அலுவலரைக் கூப்பிட்டால் மேற்கொண்டு ஆக வேண்டியதை அவரே பார்த்துக்கொள்வார். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.