குண்டை எறிவது கையா, காலா?

2016 ரியோ ஒலிம்பிக், பெண்கள் குண்டு எறிதல் இறுதிப்போட்டி. இரண்டாவது சுற்றில் 20.42 மீட்டர் எறிந்த நியூசிலாந்தின் வேலரி ஆடம்ஸ் ஐந்து சுற்றுகள் முடிந்தும் முதலிடத்திலேயே இருந்தார். கடைசிச் சுற்றில் அமெரிக்காவின் மிஷெல் கார்ட்டர் 20.63 எறிந்தார். ஆடம்ஸ் எதிர்பார்த்திருந்த மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் வெள்ளியாகிவிட்டது.

இருவருக்கும் இடையே 21 சென்டிமீட்டர். குண்டு கையை விட்டுப் புறப்பட்ட வேகத்தில் பார்த்தால் நொடிக்கு 8 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம் வரும். அந்தக் குண்டு நொடிக்கு 13.5 மீட்டர் வாக்கில் பறக்கிறது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேகத்தில் பதக்கம் நிறம் மாறிவிடும் விளையாட்டு இது.

ஆடம்ஸின் உயரம் 193 சென்டிமீட்டர். 'அவ்வளவு உயரம் இருந்தால் ஜெயிக்கத்தானே செய்வார்' என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 4 கிலோ இரும்புக் குண்டு காற்றில் இருப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. காற்றின் எதிர்ப்பு அதை அதிகம் பாதிப்பதில்லை. எனவே கையை விட்டபின் அதன் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை மூன்று: வேகம், கோணம், விடுபட்ட உயரம். விடுபடும் உயரம் 10 சென்டிமீட்டர் கூடினால் தூரமும் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கூடும், அவ்வளவுதான். வேகம் 5 சதவீதம் கூடினாலோ, 20 மீட்டர் எறிபவர் 22 மீட்டரை நெருங்கிவிடுவார். நீண்ட கை கால்களின் உண்மையான பயன் வேறு. குண்டைத் தள்ளுவதற்கான பாதை நீள்கிறது, அதனால் வேகம் சேர்க்க இடம் கிடைக்கிறது.

கோணம் 45 பாகை இருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். எறியும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது சரி. குண்டு புறப்படுவது தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் என்பதால், சிறந்த கோணம் 42 பாகைக்கு இறங்குகிறது. அதோடு, மேல்நோக்கித் தள்ளுவதைவிட முன்நோக்கித் தள்ளுவதில்தான் மனித உடலுக்கு வலு அதிகம். கோணத்தை ஏற்றினால் வேகம் குறையும். அதனால் தேர்ந்த வீராங்கனைகள் பெரும்பாலும் 40 பாகைக்குக் கீழேயே விடுகிறார்கள்.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு. தமிழில் 'எறிதல்' என்கிறோம். விதிப்படி இது தள்ளுதல். குண்டு கழுத்தையோ தாடையையோ ஒட்டியிருக்க வேண்டும்; தோளுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. கிரிக்கெட் பந்துபோல் சுழற்றி வீச வழியில்லை.

ஆடம்ஸின் பாணி கிளைடு, அதாவது வழுக்கி வந்து தள்ளுவது. 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பின்விளிம்பில், எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். குண்டு உள்ளங்கையில் இல்லை, விரல்களின் அடியில் அமர்ந்திருக்கிறது. உடலைத் தாழ்த்தி, இடது காலைப் பின்னால் உதைத்து, வலது காலால் தரையை உந்தி வழுக்கியபடி வட்டத்தின் நடுவுக்கு வருகிறார். இதுவரை குண்டுக்குக் கிடைத்த வேகம் சொற்பம்தான். வலது பாதம் ஊன்றியதும் வலது இடுப்பு திரும்புகிறது. தோள்கள் இன்னும் பின்னால் பார்த்தபடியே இருக்கின்றன. இடையில் இருக்கும் வயிற்றுத் தசைகள் துணியைப் பிழிவதுபோல் முறுக்கேறி இழுபடுகின்றன. இழுபட்ட தசை சுருங்கும்போது கூடுதல் விசை பிறக்கும். அதே கணத்தில், வட்டத்தின் முன்விளிம்பில் ஊன்றிய இடது கால் விறைத்து நிற்கிறது. ஓடும் வண்டிக்குச் சட்டென்று பிரேக் போட்டால் உள்ளே இருப்பவர் முன்னால் பாய்வார் அல்லவா? அதுபோல, கீழ் உடல் நிற்க, மேல் உடல் பாய்கிறது. இடுப்பு, மார்பு, தோள், முழங்கை, கடைசியாக விரல்கள்.

இந்தக் கடைசித் தள்ளலுக்கு எடுக்கும் நேரம் ஏறக்குறைய கால் நொடி. அதற்குள் குண்டுக்கு 350 ஜூல் ஆற்றல் ஏற வேண்டும். நான் போட்ட கணக்கில் சராசரியாக இரண்டு குதிரைத்திறன் வருகிறது. ஒரு கையால் மட்டும் இது நடக்கிற காரியமே இல்லை. கை கடைசியில் வந்து சேர்ந்துகொள்கிறது, அவ்வளவே.

2007 ஒசாகா உலக சாம்பியன்ஷிப்பில் கடைசி எறியில் 20.54 மீட்டர் எறிந்து, பெலாரஸின் நட்சேயா ஓஸ்டாப்சுக்கை 6 சென்டிமீட்டரில் முந்தினார் ஆடம்ஸ். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம். பிறகு சுவிஸ் பயிற்சியாளர் ஜான்-பியர் எகரிடம் சென்றார். 2011இல் தென் கொரியாவின் தேகுவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் தன் வாழ்நாள் சிறப்பான 21.24 மீட்டரை எட்டினார். 2013 மாஸ்கோவில் தொடர்ந்து நான்காவது உலகப் பட்டம்.

2012 லண்டன் கதை வேறு. ஓஸ்டாப்சுக் 21.36, ஆடம்ஸ் 20.70. சில நாட்களில் ஓஸ்டாப்சுக் மெட்டெனோலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு எடுத்தது தெரியவந்து, தங்கம் ஆடம்ஸுக்கு மாறியது. ஆனால் மேடையில் நின்று தேசிய கீதம் கேட்கும் அந்தக் கணத்தை யாரால் திருப்பித் தர முடியும்? பின்னர் ஆக்லாந்தில் அவர் கழுத்தில் பதக்கம் அணிவித்தார்கள்.

இரண்டு குழந்தைகள் பெற்றபின், 36 வயதில், டோக்கியோவில் 19.62 மீட்டர் எறிந்து வெண்கலம் வென்றார். நான்கு ஒலிம்பிக்கில் நான்கு பதக்கங்கள். அது 2021 ஆகஸ்ட் 1. அதே மாதத்தில், அதே மைதானத்தில், பாராலிம்பிக் குண்டு எறிதலில் தங்கம் வென்றவர் அவருடைய தங்கை லிசா ஆடம்ஸ், பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். லிசாவுக்குப் பயிற்சியளித்தவர் வேலரி.