படத்தில் தெரியும் வெளிச்சம் யாருடையது?

கூரிய ஊசிமுனையைப் பரப்புக்கு மிக அருகே நகர்த்திப் படமெடுக்கும் அண்மைப்புல ஒளி நுணுக்குக்காட்டியைக் கணனியில் மாதிரியாக்க விரும்பும் மட்டக்களப்புப் பௌதிகவியல் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "பிள்ளை, உங்கட கணக்கில ஊசி எங்க?" பெரும்பாலும் இருக்காது. பரப்புக்குச் சற்று மேலே மின்புலத்தைக் கணித்து, வர்க்கமாக்கி, நிறம் பூசி, கருவி காட்டும் படம் இதுதான் என்று கொண்டுவருவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

சாதாரண நுணுக்குக்காட்டியின் எல்லையை ஜேர்மன் பௌதிகவியலாளர் அபே 1873இலேயே சொல்லிவிட்டார். பச்சை ஒளியில், நல்ல எண்ணெய் வில்லையோடும், 200 நனோமீற்றரை விட நெருங்கிய இரு புள்ளிகள் ஒன்றாகிவிடும். அதைவிட நுண்ணிய விவரம் பரப்பை ஒட்டியே தேய்ந்துபோகும் புலத்தில் கிடக்கிறது. சிறு துளையை மிக அருகே கொண்டுபோனால் அதைப் பிடிக்கலாம் என்று அயர்லாந்து விஞ்ஞானி சிங் 1928இல் எழுதினார். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது கைகூட 1980கள் ஆயின.

கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்பவர்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைப்பார்கள். காதுக்கு வருவதில் துடுப்பின் மரத்துக்கும் பங்குண்டு. ஊசிமுனையும் அப்படித்தான். தேய்ந்துபோகும் புலத்தைச் சிதறடித்து உணரிக்கு அனுப்புவதே அதுதான். கூடவே பொருளின் புலத்தையும் குழப்பும். தங்கத் துணிக்கை என்றால் குழப்பம் இன்னும் அதிகம். முதற்படியாக ஊசியை, நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் அருகருகே நிற்கும் சிறு இருமுனையாகவாவது வையுங்கள்.

உணரியில் சமிக்ஞையோடு கலக்கும் இரைச்சலையும் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். துளையுள்ள ஊசியில் ஒளி மிகக் குறைவு: பௌதிகவியலாளர் பெத்தவின் 1944ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் வெளிவரும் ஒளி 64இல் ஒரு பங்காகும். இரைச்சலே இல்லாத கணனிப் படத்தை நான் நம்புவதில்லை.

அதிகம் ஏமாற்றுவது உயர வேறுபாடு. துணிக்கையைச் சுற்றிப் பிரகாசமான வளையம் தெரிந்தால் உடனே புலச்செறிவு என்று எழுதிவிடுகிறார்கள். இடைவெளியை மாறாமல் வைக்க ஊசி ஏறி இறங்குகிறது; ஏறி இறங்கினாலே சமிக்ஞையும் மாறும். உயரப் படத்தையும் ஒளிப் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். விளிம்புகள் அச்சொட்டாகப் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். ஊசியின் உயரத்தை மாற்றாமல் இன்னொருமுறை கணியுங்கள். வளையம் போய்விட்டால் அது பொருளுடையதல்ல.

அதிரும் ஊசியுள்ள கருவியென்றால் வேலை கூடும். அங்கே உணரிக்கு வரும் ஒளியிலிருந்து ஊசியின் அதிர்வெண்ணின் இரண்டாம், மூன்றாம் மடங்குகளைப் பிரித்தெடுத்தே படம் செய்கிறார்கள். உங்கள் கணக்கிலும் ஊசியை ஒரு முழுச் சுற்று அதிரவிட்டு, அதே மடங்கைப் பிரித்தெடுங்கள். ஒரேயொரு உயரத்தில் கணித்த எண்ணை அந்த அளவீட்டுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது.