விழுந்த தென்னைக்கு என்ன விலை?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் வீசியது. கரையோர மக்களை முன்னாலேயே முகாம்களில் சேர்த்திருந்ததால் எத்தனையோ உயிர்கள் தப்பின. ஆனால் விடிந்து பார்த்தால், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. மனிதரை முகாமுக்குக் கூட்டிப்போகலாம், தோப்பை எங்கே கொண்டுபோவது?

ஓர் ஊருக்கு என்னென்ன நேரலாம் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் இடர் மதிப்பீடு. புயலோ வெள்ளமோ எவ்வளவு வலுவாக, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? அதன் வழியில் என்னென்ன இருக்கின்றன? அவை எந்த அளவுக்குத் தாங்கும்? இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கான்கிரீட் வீட்டைத் தொடாமல் போகும் காற்று, பக்கத்துக் குடிசையின் கூரையைப் பிய்த்துவிடும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். மழையில் மண் இளகியிருக்கும்போது கொண்டையில் காற்று மோதினால் வேரோடு சாய்ந்துவிடும்.

'எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை' என்பதில்தான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். 'நூறாண்டு வெள்ளம்' ஒருமுறை வந்துவிட்டால் இனி நம் காலத்தில் வராது என்று நினைப்பது தவறு. ஒவ்வோர் ஆண்டும் அது வர 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். போன வருஷம் வந்ததா இல்லையா என்பதை வைத்து இந்த வருஷ வாய்ப்பு மாறாது. 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்பு.

சரி, இதை எப்படிப் பணமாக மாற்றுகிறார்கள்? சேதத்தை வாய்ப்பால் பெருக்குவார்கள். ஒரு மாடி வீட்டுக்கு 10 லட்சம் சேதம், வாய்ப்பு 1 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். குடிசைக்கு 50,000 சேதம், வாய்ப்பு 5 சதவீதம் என்றால் 2,500 ரூபாய். இதை மட்டும் பார்த்தால் முதலில் காப்பாற்ற வேண்டியது மாடி வீடு. என்னால் இதை ஏற்க முடியவில்லை. மாடி வீட்டுக்காரருக்குச் சம்பளமும் சேமிப்பும் இருக்கலாம், குடிசைக்காரருக்கு அந்த 50,000தான் மொத்தச் சொத்து. அதனால் நல்ல மதிப்பீடு, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை காலம் ஆகும் என்றும் கேட்கும்.

தென்னைக்கும் இதே கேள்வி. நெட்டை ரகக் கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அத்தனை ஆண்டு வருமானமும் சேர்ந்ததுதான் விழுந்த மரத்தின் விலை. அப்புறம், காய் பறிப்பவர், உரிப்பவர், கீற்று முடைபவர், கயிறு திரிப்பவர் எல்லாரும் அந்தத் தோப்பை நம்பியே இருக்கிறார்கள். சொந்தமாக ஒரு மரம்கூட இல்லாததால் மரக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். தோப்புக்காரரிடம் எத்தனை மரம் என்று கேட்டதோடு நிற்காமல், அடுத்த தெருவுக்கும் போய் இந்தத் தோப்பால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று கேட்டு எழுதினால்தான் அவர்கள் கணக்குக்குள் வருவார்கள்.