ஒரு நூல் இடைவெளி

என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளைத் தோட்டாக்கூடு இருக்கிறது. அடிப்பக்கம் வயிறு உப்பியதுபோல் வீங்கி, ஓரம் கிழிந்து, கிழிசலைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காவல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சியின் முதல் நாள் இதைத்தான் கையில் கொடுப்பேன். துப்பாக்கியின் மேல்பக்கம் முன்னும் பின்னும் ஓடும் உறையை ஸ்லைடு என்போம். அது முழுக்க மூடாத நிலையில் வெடித்த தோட்டா இது. கண்ணாடி போட்டிருந்ததால் சுட்டவருக்குக் கண் தப்பியது.

1948-ல் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் தொடங்கக் காரணமான வட்டாரம் இது. துப்பாக்கி என்றால் இங்குள்ள பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்துவார்கள். பிள்ளைகள் அப்படியில்லை. போன மாதம் ஒரு தம்பி கைபேசியை நீட்டி, “சார், பழைய ரெமிங்டனைத் திரும்பச் செஞ்சாங்களாமே, ஆர்51. சின்னதா, வழவழன்னு இருக்கு. எப்படி சார்?” என்றார்.

ரெமிங்டன் ஓர் அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனம். அந்தப் பழைய துப்பாக்கியை வடிவமைத்தவர் ஜான் பெடர்சன். 1918-ல் வந்த மாடல் 51 அது. ஏறக்குறைய 65,000 செய்தார்கள். அதன் பூட்டுமுறை எனக்கு இன்றும் வியப்புதான். ஒரு தீப்பெட்டியை எடுத்துத் தம்பிக்குக் காட்டினேன். மேலுறைதான் ஸ்லைடு, உள்தட்டு பிரீச் பிளாக், அதாவது தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் துண்டு. சுட்டவுடன் இரண்டும் சேர்ந்து இம்மியளவு பின்வாங்கும். உடற்சட்டத்தில் உள்ள ஒரு படியில் இடித்துத் தட்டு நின்றுவிடும். மேலுறை மட்டும் வாங்கிய வேகத்தில் ஓடி, தட்டைத் தூக்கிப் படியிலிருந்து விடுவிக்கும். அந்தக் கண நேரத் தயக்கத்துக்குள் குண்டு குழலை விட்டுப் போய், அழுத்தம் தணிந்துவிடும். குழல் அசைவதே இல்லை. சுருள்வில்லும் அதைச் சுற்றியே இருப்பதால் துப்பாக்கி ஒல்லி.

ஆனால் மாடல் 51 சுட்டது .32, .380 என்ற சிறு ரகத் தோட்டாக்களை. .380-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,500 பவுண்டு. 2014-ல் வந்த ஆர்51-க்கு, அழுத்தம் கூட்டிய 9 எம்எம் +பி தோட்டா, அதற்கு 38,500. படியும் பிளாக்கும் பொருந்துவதில் பிசகே கூடாது. கடைக்கு வந்த துப்பாக்கிகளிலோ தோட்டா சிக்கியது, ஸ்லைடு உரசியது, சில முழுக்க மூடாமலே வெடித்தன. அதே ஆண்டு திரும்பப் பெற்றார்கள். திருத்திய பதிப்பு 2016-ல்தான் வந்தது. பெடர்சனின் யோசனையில் பழுதில்லை, கடைசலிலும் சோதனையிலும்தான் அவசரப்பட்டார்கள் என்பது என் கருத்து.

ஸ்லைடு மூடாதவரை விசைக்கும் சுத்தியலுக்கும் தொடர்பை அறுத்து வைக்க, பிஸ்டலுக்குள் ஒரு சிறு இரும்புத் துண்டு இருக்கும். அதில் அழுக்கு ஏறினாலோ, விசை இலகுவாகட்டும் என்று யாராவது அரம் போட்டாலோ அந்தக் காப்பு போயிற்று. என் இழுப்பறைக் கூடு அப்படி அரம் போட்ட ஒன்றிலிருந்து வந்ததுதான்.

அதனால் தோட்டா ஏற்றியதும் விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்து, ஸ்லைடின் பின்விளிம்பைப் பாருங்கள். அது தன் இடத்தில் முழுக்கப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நூல் பிந்தியிருந்தாலும் சுடாதீர்கள், உள்ளங்கையால் தட்டி மூடவும் வேண்டாம். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, தோட்டாவை வெளியே எடுங்கள். மழையில் நனைந்து செம்பனைக் காட்டில் சுற்றிய துப்பாக்கியில் இதை அடிக்கடி காண்பீர்கள்.

புதுத் துப்பாக்கியானால், காவலுக்குத் தரும் அதே ரகத் தோட்டாவில் 200 சுற்றாவது தடங்கலின்றிச் சுட்ட பிறகுதான் இடுப்பில் ஏற வேண்டும். மேலாளர்கள் செலவைச் சொல்வார்கள். யார் சோதித்தார், எத்தனை சுற்று என்று பதிவேட்டில் இருக்கிறதா எனக் கேளுங்கள் தம்பி. இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள்.