ஒட்டலும் ஓடலும்: மென்படல வண்ணப்பிரிகை இயங்கும் விதம்

ஒரு கலவையில் எத்தனை பொருள்கள் கலந்துள்ளன என்பதைச் சில நிமிடங்களில் அறிய வேதியியலாளர் முதலில் நாடுவது மென்படல வண்ணப்பிரிகை முறையையே. கண்ணாடி அல்லது அலுமினியத் தகட்டின் மேல் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் சிலிக்கா ஜெல் என்னும் நுண்துளைகள் கொண்ட வெண்பொடி பூசப்பட்டிருக்கும். அடிவிளிம்பிலிருந்து ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரத்தில் கலவைக் கரைசலை நுண்குழாயால் சிறு புள்ளியாக வைத்து உலர்த்தி, புள்ளி மூழ்காத அளவுக்கே கரைப்பான் ஊற்றிய பாத்திரத்தில் தகட்டை நிறுத்தி மூடிவிட்டால், சிலிக்காத் துகள்களின் இடைவெளிகள் வழியே கரைப்பான் தானாக மேலேறத் தொடங்கும்.

சேர்மங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனச் சீரான ஒரு வேகத்தில் ஊர்ந்து செல்வதாகப் பலரும் எண்ணுகின்றனர்; நடப்பது அதுவன்று. சிலிக்காவின் பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் முனைவுத்தன்மை மிக்க, அதாவது மின்சுமை ஒரு பக்கம் சாய்ந்துள்ள, மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. பற்றப்பட்ட மூலக்கூறு இம்மியும் நகர்வதில்லை. விடுபட்டதும் கரைப்பானின் வேகத்திலேயே ஓடி, மீண்டும் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டலும் ஓடலும் எண்ணற்ற முறை நிகழ்வதால், அதிக நேரம் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் போன்றவை கீழேயே தங்க, சிலிக்காவை அவ்வளவாக நாடாத ஹைட்ரோகார்பன்கள் கரைப்பானின் முன்விளிம்பை ஒட்டியே சென்றுவிடுகின்றன.

கரைப்பான் 8 சென்டிமீட்டர் ஏறும்போது ஒரு பொருள் 2 சென்டிமீட்டர் மட்டுமே ஏறினால், அதன் ஆர்எஃப் மதிப்பு (பொருள் ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்துப் பெறும் எண்) 0.25 ஆகும், அதாவது, அப்பொருளின் மூலக்கூறுகள் ஏறத்தாழக் கால்பங்கு நேரத்தையே கரைப்பானில் கழித்துள்ளன. முனைவுத்தன்மை குறைந்த கரைப்பானான ஹெக்சேனுடன், அதைவிட முனைவுத்தன்மை மிக்க எத்தில் அசிட்டேட்டைக் கூடுதலாகச் சேர்த்தால் இம்மதிப்பு பொதுவாக உயரும். எத்தில் அசிட்டேட் பொருள்களை நன்கு கரைப்பதோடு, சிலிக்காவின் இடங்களுக்காக அவற்றோடு போட்டியிட்டு அவற்றை வெளியேற்றுவதும் இதற்குக் காரணம். சரியான விகிதத்தைக் கண்டறிவதில்தான் இம்முறையின் பெரும்பகுதி உழைப்பு அடங்கியிருக்கிறது.

தொடக்கக் கோட்டைப் பென்சிலால் மட்டுமே வரைய வேண்டும்; பேனா மையில் வரைந்தால் மையின் சாயங்களும் பிரிந்து ஏறிவிடும். நிறமற்ற பொருள்களைக் காண, ஒளிரும் பொருள் கலந்த தகட்டை 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்க்கிறார்கள். அவ்வொளியை உறிஞ்சும் பொருள்கள் பச்சைப் பின்னணியில் கருந்திட்டுகளாகத் தெரியும். அமினோ அமிலங்களுக்கு, அவற்றோடு வினைபுரிந்து நிறம் தரும் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்குவது வழக்கம்.

1938-இல் சோவியத் அறிவியலாளர்கள் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும் அலுமினாப் படலத்தில் தாவரச் சாறுகளைப் பிரித்துக் காட்டினர். ஆனால் 1950-களில் ஜெர்மன் அறிவியலாளர் எகோன் ஸ்டால் தகடுகளையும் செய்முறையையும் தரப்படுத்திய பிறகே இது எங்கும் பரவியது. தரப்படுத்திய பின்னும் ஈரப்பதம், படலத்தின் தடிமன், பாத்திரத்தில் கரைப்பான் ஆவி நிறைந்துள்ள அளவு ஆகியவற்றால் ஆர்எஃப் மதிப்பு மாறக்கூடும். ஆகவே அட்டவணையில் உள்ள எண்ணை நம்பாமல், ஐயத்துக்குரிய பொருளையும் அறிந்த பொருளையும் ஒரே தகட்டில் அருகருகே வைத்து, நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டுப் பார்க்கிறார்கள். நடுப்புள்ளி இரண்டாகப் பிரிந்தால் அவை வெவ்வேறு பொருள்கள் என்பது உறுதி. பிரியாவிட்டால், வேறொரு கரைப்பானில் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.